வெறும் மெஷின்

தையல் கூடத்தில் மெஷின் சத்தம் நின்றால் சூப்பர்வைசர் தலையைத் தூக்கிவிடுவார். அதனால் கதை பேச வேண்டுமானால் நூலைக் கழற்றிவிட்டு, துணியே இல்லாமல் மெஷினை மிதிப்பது இங்கே தைக்கிற பெண்களின் வழக்கம். இப்போது ஒரு வரிசையே வெறுமனே கடகடக்கிறது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி பறக்கிறது. காலர் தைக்கிற அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்றைய துப்பறியும் தொடரைக் காலையிலிருந்து நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருக்கிறாள். "அவ மாடிப்படியில விழுந்துட்டேங்கிறா. இன்ஸ்பெக்டரம்மா நம்பவே இல்லையே!" "புருஷன்தான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்கிறாள் எதிரே பொத்தான் வைப்பவள். "சொல்லிட்டா ஆச்சா? எப்படிக் கண்டுபிடிச்சாங்க, அதச் சொல்லு பாப்போம். விழுந்தா முட்டியில, முழங்கையில அடிபடும். இங்க எப்படிடி படும்?" அக்கா பக்கத்து மெஷின்காரியின் கையை வெடுக்கென்று இழுத்து, முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றி, மேல்கையின் உட்புறத்தில் தன் நான்கு விரல்களையும் பதிக்கிறாள். விரல்களின் ஓரமெல்லாம் நீலம் தெரிகிறது. அவற்றைவிடத் தடித்த நான்கு விரல்கள் ஏற்கெனவே அங்கே பதிந்திருக்கின்றன. குளியலறையில் வழுக்கிவிட்டதாகப் பக்கத்து மெஷின்காரி காலையில் சொன்னபோது, "பாத்துப் போகக்கூடாதா?" என்று கடிந்துகொண்டவளும் அக்காதான். எடுக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் அக்காவின் கை அங்கேயே இருக்கிறது. அக்காவின் கால் நின்றுவிட்டது. எதிர் மெஷினும் நின்றுவிட்டது. "மிதிங்கக்கா," என்கிறாள் பக்கத்து மெஷின்காரி, ஊசியைப் பார்த்தபடி. "சூப்பர்வைசர் பாக்கறாரு."