கொட்டக் கொட்ட

"வேலை நேரத்துல தூக்கம் வருமா?" என்று கேட்டார் டாக்டர்.

"தினமும் டாக்டர். காலையில போனதும் படுத்துருவேன்."

டாக்டரின் பேனா நின்றது. "முதலாளி ஒண்ணும் சொல்றதில்லையா?"

"போன மாசம்தான் சம்பளம் கூட்டிக் குடுத்தாரு."

"அதை விடுங்க டாக்டர். சாப்பிடும்போதே தட்டுல சாஞ்சுடறாரு!" என்று குறுக்கே புகுந்தாள் மனைவி.

"இதுக்குன்னு இருந்த பழைய மாத்திரைன்னா நெஞ்சு படபடக்கும். இது புதுசு. காலையில ஒண்ணு போடுங்க, கொட்டக் கொட்ட முழிச்சிருப்பீங்க" என்று சீட்டை நீட்டினார் டாக்டர்.

மறுநாள் காலை ஒன்றை விழுங்கினான். அடேயப்பா! உலகத்துக்கே யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். பஸ்ஸில் வாய்விட்டுப் பாடினான். வேலைக்கு வந்த பிறகும் உற்சாகம் அடங்கவில்லை. தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் கையாட்டினான். ஒரு குழந்தைக்கு நாக்கைத் துருத்தி அழகு காட்டினான்.

மத்தியானம் முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"குணமாயிடுச்சு முதலாளி! இனிமே பகல்ல தூங்கவே மாட்டேன்!"

முதலாளி தலையில் கைவைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"படுபாவி! கடைக் கண்ணாடிக்குள்ள படுத்துக்கிட்டு நீயே இப்படி டாட்டா காட்டினா, நம்ம மெத்தையை எவன்யா வாங்குவான்?"