ஒரு மணி நேரத் தாமதம்

'பிரசவத்தில் தாய் பலி. ஒரு மணி நேரம் தாமதமாக வந்த டாக்டர்.'

செய்தியைப் படித்த பஸ் டிரைவர் கொதித்துப் போனார். அதே ஆஸ்பத்திரியில், அதே செவ்வாய்க்கிழமைதான் அவர் மனைவிக்கும் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. டிரைவர் டூட்டி முடிந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது; மனைவி இன்னும் மயக்கத்தில் இருந்தாள்.

"நல்லவேளை, நீ அந்த டாக்டரம்மா கையில மாட்டல" என்றார் மனைவியிடம்.

டாக்டரின் போட்டோவைப் போட்டு, 'இவள் கொலைகாரி' என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். ஊரே அதைப் பகிர்ந்தது.

எட்டாம் நாள் தையல் பிரிக்கப் போனார்கள்.

"அந்த டாக்டரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா, இல்லையா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

நர்ஸ் தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"அந்த ஒரு மணி நேரம் எங்க போய்த் தொலைஞ்சாங்களாம்?"

"எங்கயும் போகல சார். இருந்தது அவங்க ஒருத்தங்கதான். உங்க வீட்டம்மாவுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. வயித்தைத் திறந்து வச்சுட்டு எப்படி விட்டுட்டுப் போவாங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வராந்தாவில் டாக்டரே எதிரில் வந்தார். மனைவியைக் கண்டதும் நின்றார்.

"தலைசுத்தல் இருக்காம்மா? பாப்பா நல்லா பால் குடிக்குதா?"

பிறகு டிரைவரிடம் திரும்பினார். "நிறைய ரத்தம் போயிருக்கு. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, என்ன?"

எழுதியது யாரென்று டாக்டருக்குத் தெரியவில்லை. தெரிந்து, நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டிரைவருக்கு.