மலைமன்னனின் ஜீப்

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் குட்டி ஜீப் வாங்கியதிலிருந்து அலுவலகத்தில் அவனுக்கு ‘மலைமன்னன்’ என்று பெயர். திங்கள்கிழமைதோறும் கதவு வரை சேறோடுதான் வண்டி வந்து நிற்கும்.

மேனேஜரிடமும் அதே ஜீப், அதே சேறு.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே மலைக்குப் போவோமா, மன்னா?” என்று வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“தாராளமா, சார்!” என்றவன் அன்று மாலையே வாட்டர் வாஷ் கடைக்கு ஓடினான்.

“அண்ணே, மானம் போகப்போகுது! மேனேஜர் மலைக்குக் கூப்பிடுறாரு. இந்த வண்டி மேம்பாலத்தைத் தவிர எதுலயும் ஏறினதில்ல. வாராவாரம் நீங்க பூசிவிடுற சேறுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்!”

கடைக்காரர் பைப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

“வீட்ல நிம்மதியா தூங்குங்க தம்பி. நீங்க ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிச்சிருவீங்கன்னு நம்பித்தான் கேட்டாராம். இப்பதான் வந்து புலம்பிட்டுப் போனாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு வண்டிக்கும் ஒரே வாளிச் சேத்தை அடிச்சு விடுறேன். சேர்ந்து போயிட்டு வந்த மாதிரியே இருக்கும்.”