டொப்பிலாங்கு என்றால் தண்ணீர்

"யார் யாரைப் பார்த்துக் காப்பியடிச்சீங்க? உண்மையைச் சொல்லிடுங்க."

பேராசிரியை இரண்டு கட்டுரைகளையும் மேஜைமேல் அருகருகே வைத்துக்கொண்டு கேட்டார். அந்த மாலைக் கல்லூரியில் அவருக்கு 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர். அது காதில் விழுந்தால் அவருக்குக் கோபம் வராது; பெருமைதான்.

எதிரே இருவர் நின்றிருந்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். ஒருவர் வகுப்புக்கு வரும் நாளில் மற்றவர் வரமாட்டார். சூரியனும் சந்திரனும் மாதிரி. இன்றைக்குத்தான் இருவரையும் ஒன்றாகப் பார்க்கிறார்.

கட்டுரை ஒரு பழைய பாட்டைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாடிச் சிரிக்கிற, தலையும் இல்லாத வாலும் இல்லாத பாட்டு. அதில் வரும் பாதி வார்த்தைகள் எந்த அகராதியிலும் கிடையாது. அவற்றைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதுதான் கேள்வி.

"வேற கேள்வியா இருந்தா தற்செயல்னு விட்டிருப்பேன். இது உளறல் பாட்டு. ஆளுக்கு ஒரு விதமா வரணும். இங்க பாருங்க. 'டொப்பிலாங்கு என்றால் தண்ணீர்.' சரி, போகட்டும். 'லொம்பை என்றால் அம்மா.' அதுவும் போகட்டும். 'கும்லிக்கா என்றால் விளக்கை அணைக்காதே.' இது எப்படிம்மா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத் தோணும்? காப்பியடிக்கவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேணாமா?"

"காப்பியடிக்கல மேடம்," என்றான் மெக்கானிக்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க தம்பி. இதை நான் மேல அனுப்பினா, ரெண்டு பேரும் இந்த வருஷம் பரீட்சையே எழுத முடியாது. தெரியுமில்ல?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க வீட்ல அதுக்கெல்லாம் அதான் அர்த்தம் மேடம்."

"யார் வீட்ல?"

"எங்க வீட்லதான். இவர் என் வீட்டுக்காரர்."

பேராசிரியைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவர் வகுப்புக்கு வந்து குறிப்பெடுப்பது, மற்றவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பது!

"ஓஹோ! புருஷன் பொண்டாட்டி முறை வச்சுப் படிக்கிறீங்களா?" என்றபடி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது கதவு மெல்லத் திறந்தது. வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உள்ளே வந்தாள். நேராகப் போய்த் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"லொம்பை! டொப்பிலாங்கு."

தாய் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை மடக்மடக்கென்று குடித்தது.

பேராசிரியையின் பேனா அப்படியே நின்றது.

"இவளுக்கு ரொம்ப நாளாப் பேச்சே வரல மேடம்," என்றான் மெக்கானிக். "பார்க்காத டாக்டர் இல்ல. தனியா விட முடியாதுன்னுதான் மாத்தி மாத்தி வர்றோம். இந்தப் பாட்டை வீட்ல சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு சிரிச்சா. கொஞ்ச நாள் கழிச்சுக் குழாயைக் காட்டி டொப்பிலாங்குன்னா. அதான் மேடம் இவ பேசின முதல் வார்த்தை. இருட்டுன்னா பயம். லைட்டை அணைக்கப் போனா கும்லிக்கா, கும்லிக்கான்னு கத்துவா."

"இதைக் கட்டுரையில எழுதியிருக்கலாமேம்மா?"

"பரிதாபப்பட்டு மார்க் போடுவீங்களோன்னுதான் எழுதல," என்றாள் அவள். "காப்பியடிச்சது ஒரு வகையில நிஜம்தான் மேடம். ரெண்டு பேருமே இவளைப் பார்த்துத்தான் எழுதினோம்."

பேராசிரியை இரண்டு கட்டுரைகளையும் மறுபடி பார்த்தார். அர்த்தமே இல்லாத பாட்டு என்று எத்தனை வருஷமாக நடத்தி வருகிறார்! எத்தனை பேரின் கட்டுரையை அடித்துக் கிழித்திருக்கிறார்! பேனாவை மூடி வைத்துவிட்டு, குழந்தையின் வாயோரத்துத் தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"அம்மாவுக்கு லொம்பை. அப்பாவுக்கு என்னடா கண்ணு?"

குழந்தை அவரையே பார்த்தது. மெக்கானிக்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அது இன்னும் வரல மேடம். பாட்டுல இன்னும் பாதி பாக்கி இருக்கு. தினமும் படிச்சுக் காட்டறேன்."