பிரித்து எழுதுக

"நானூத்திப் பன்னெண்டு தப்புங்களா?" என்றாள் ஜோஸ்லின். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். ஏற்காடு மலையில், நாகலூரில் அந்த வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

"நானூத்திப் பன்னெண்டு திருத்தம்," என்றார் ஹேமலதா. பெங்களூர்க் கம்பெனியிலிருந்து பேசும் ஹேமலதா எதையும் தப்பு என்று சொல்லமாட்டார். ஜோஸ்லினின் கூலியைப் பாதியாக வெட்டியபோதும் அதைச் 'சீரமைப்பு' என்றுதான் சொன்னார்.

மிக்ஸி, கிரைண்டர், கெய்சர் ஆகியவற்றோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளைத் தமிழாக்கித் தருவது ஜோஸ்லின் வேலை. நிரந்தர வேலை இல்லை; வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. எழுதி முடித்த தமிழ் வார்த்தைகளைக் கம்ப்யூட்டரே எண்ணிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. 'உங்களோடு சேர்ந்து வளர விரும்புகிறோம்' என்று தொடங்கி, 'ஆகவே இனி வார்த்தைக்குப் பாதி' என்று முடிந்தது. நடுவில் பூங்கொத்துப் படம் ஒன்று இருந்தது.

ஜோஸ்லின் சண்டை போடவில்லை. நன்றி என்று பதில் அனுப்பினாள். அடுத்த கையேட்டிலிருந்து வார்த்தைகளைப் பிரித்து எழுத ஆரம்பித்தாள். 'பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது' என்பது அதுவரை ஒரு வார்த்தை. இனிமேல் 'பயன் படுத்திக் கொண்டு இருக்கும் போது'. ஐந்து வார்த்தை. மிக்ஸிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆனால் கம்பெனிக்கு வெளியிலிருந்து சரிபார்த்துத் தருகிற ஒருவர் இருந்தார். அவர் யார் என்று ஹேமலதாவுக்கே தெரியாது. அது வேறு பிரிவாம். ஆளுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். ஜோஸ்லின் பிரித்துப் போட்ட வார்த்தைகளை எல்லாம் அந்த ஆள் ஒன்றுவிடாமல் பிடித்து மறுபடி ஒட்டியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். ஹேமலதா அதை வாசித்துக் காட்டினார்.

"'இந்தத் தமிழை யாரோ மிக்ஸியில் போட்டு எடுத்தது போலிருக்கிறது.'"

அடுப்படியில் ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்த கிங்ஸ்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவன் மறுபடி பூண்டில் கவனமானான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் அவன். எஸ்டேட் ரிசார்ட் ஆனதிலிருந்து அவனுக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலைதான். இந்தப் பிழைப்பும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு இறங்க வேண்டும். அங்கே கிங்ஸ்டனின் அக்கா ஒரு ஃபேக்டரியில் சொல்லிவைத்திருந்தாள்; தன் வீட்டு மாடியில் தகரம் வேய்ந்த அறை ஒன்றையும் ஒழித்துவைத்திருந்தாள். ஓசூர் என்று கேட்டாலே ஜோஸ்லினுக்கு வியர்க்கும்.

"நொம்பப் படிச்சவராட்டம் இருக்குதுங்க," என்றாள் போனிடம்.

ஹேமலதா விஷயத்துக்கு வந்தார். ஒரு ஃபைலில் இத்தனை திருத்தம் என்றால், ஒன்று எழுதியவர் மோசம், இல்லை திருத்தியவர் மோசம் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டதாம். இருவரில் ஒருவரை இன்று மாலைக்குள் நிறுத்த வேண்டுமாம். யாரை என்று எழுதிக் கொடுக்க வேண்டியது ஹேமலதா. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜோஸ்லின், நான் சொன்னதா இருக்க வேண்டாம். அந்த ஆளுக்குத் திருத்தத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அதையும் அப்பவே பாதியாக்கிட்டாங்க. அதனாலதான் எண்ணிக்கையை ஏத்துறார்னு எனக்குத் தோணுது. நீங்க ஒரு புகார் எழுதிக் கொடுங்க. அவரை எடுத்துடலாம்."

அடுப்படியில் பூண்டு தட்டும் சத்தம் நின்றது.

"வேண்டாமுங்க மேடம்," என்றாள் ஜோஸ்லின்.

"நீங்க அவருக்குப் பாவம் பார்க்கறீங்க. அவர் எழுதினதுல இன்னொரு வரி இருக்கு. நான்தான் படிக்கலை."

"படிங்க. பரவாயில்லீங்க."

"'இவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புக்குப் போனாரா என்று விசாரிக்கவும்.'"

ஜோஸ்லின் மறுபடி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே ஏற்காடு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனது.

"எழுதட்டுமுங்க," என்றாள். "அவருக்கும் ஊடு வாசல், பொண்டாட்டின்னு இருக்குமில்லீங்க. அவுங்க சோத்துல நானெதுக்கு மண்ணள்ளிப் போடோணும்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு மனசைப் பார்த்ததில்லை என்றார் ஹேமலதா. மேலிடத்தில் தானே பேசுவதாகச் சொல்லிக் காத்திருக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இன்னும் ஒரே ஒரு ஃபைல் தருவார்களாம், கேஸ் அடுப்புக் கையேடு. திருத்தம் நூறுக்குள் இருந்தால் இருவரும் இருக்கலாம். நூறைத் தாண்டினால் இருவருமே கிடையாது.

"உங்க தமிழைப் பத்தி எனக்குக் கவலையில்லை," என்றார் ஹேமலதா. "அந்த ஆளுக்கு நல்ல புத்தி வரணும்னு மட்டும் வேண்டிக்குங்க."

"ஞாயித்துக்கெழமை சர்ச்சுல சொல்லி வேண்டிக்கறனுங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள் ஜோஸ்லின்.

பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றாள். கிங்ஸ்டன் நிமிரவில்லை.

"நான் பள்ளிக்கூடம் போனனான்னு அப்பறம் விசாரிச்சுக்கலாமுங்க," என்றாள் அவனிடம். "மொதல்ல இந்த அடுப்பு ஃபைல்ல நானும் அளவாப் பிரிக்கறன், நீங்களும் அளவா ஒட்டுங்க."