மாலேயில் செருப்பு வேண்டாம்

"மாலேக்கு டிக்கெட் போட்டாச்சுங்ணா! பொண்ணு கூட்டிட்டுப் போகுதுங்க!"

மயில்சாமி சொன்னதும் காரமடை பேக்கரியில் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அரங்கசாமி மட்டும் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அது ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

மாலத்தீவும் அதன் தலைநகர் மாலேயும் இந்தப் பேக்கரியில் அவர் பேருக்குப் பட்டா போட்ட சொத்து. மில்லில் மேஸ்திரியாக இருந்தபோது தூத்துக்குடியில் கப்பல் ஏறி, ஒரே நாளில் மாலேயைச் சுற்றி வந்த கதையை எத்தனையோ வருஷமாகச் சொல்லி வருகிறார். அங்கே ரோடெல்லாம் வெள்ளை மணல், அதனால் ஊரில் ஒருத்தருக்கும் செருப்பே கிடையாது. கடலோரம் அண்டாவை வைத்தால் மீன் தானாகத் துள்ளி வந்து விழும். மூடி போட மட்டும் ஓர் ஆள் வேண்டும்.

உண்மையில் அவர் போனது தூத்துக்குடி வரைக்கும்தான். மாலேக்குக் கிளம்பிய தோணியைக் கரையில் நின்று பார்த்தார். மிச்ச தூரத்தை வாய் கடந்துவிட்டது.

அந்தக் கதையை வாய் பிளந்து கேட்ட மயில்சாமி, லோடு ஆட்டோ ஓட்டின மயில்சாமி, நிஜமாகவே போகிறான்! அதுவும் விமானத்தில்!

"கடலுக்கு நடுவால ஒரு தீவு ஓட்டல்ல தங்கறமுங்க. ஒரு நாளு மட்டும் படகுல மாலே போய்ச் சுத்திப் பாத்துட்டு வாரதுங்க" என்ற மயில்சாமி, பையைத் திறந்தார். "பொண்ணு செருப்பு வேற வாங்கிக் குடுத்துருக்குது. ஏனுங்ணா, மாலேக்கு இது தோதுப்படுங்களா?"

பளபளவென்று தோல் செருப்பு. அரங்கசாமிக்கு மகன் சசிதர் கடைசியாக வாங்கிக் கொடுத்தது ஒரு குடை.

"செருப்பா?" என்று சிரித்தார். "மாலேல எவனப்பா செருப்புப் போடறான்? பஞ்சு மாதிரி மணலு. செருப்போட போனா நம்மளத்தான் வேடிக்கை பாப்பாங்க. ரூமுலயே உட்டுட்டுப் போ."

"செரிங்ணா."

பேக்கரிக்காரர் ஜெரோம் கல்லாவிலிருந்து கண் சிமிட்டினார். "மயிலண்ணன் திரும்பி வரட்டும். பெரியண்ணன் சொன்னதுல எது நெசம்னு தெரிஞ்சுரும்!"

அன்றோடு போச்சு அரங்கசாமியின் தூக்கம். விமானம் கிளம்பக்கூடாது, குறைந்தபட்சம் மயில்சாமிக்கு ஒரு சளியாவது பிடிக்க வேண்டும் என்று ரங்கநாதரிடம் மனுப் போட்டார். ரங்கநாதர் காதில் வாங்கவில்லை. மயில்சாமி அனுப்பியது வாட்ஸப்பில் நீலக் கடலாக வந்து விழுந்தது. ஒவ்வொரு போட்டோவையும் பெரிசு பண்ணிப் பார்த்தார். பார்த்துவிட்டு அழித்தார்.

மயில்சாமி திரும்பி வந்த அன்று பேக்கரியில் உட்கார இடமில்லை. அரங்கசாமிக்குப் போக இஷ்டமில்லை. போகாவிட்டால் பயந்துவிட்டார் என்பார்களே! மூலை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். இனி அந்த ஸ்டூல் யாருக்கோ.

ஆட்டோவிலிருந்து மயில்சாமி நொண்டிக்கொண்டே இறங்கினார். இரண்டு காலிலும் கட்டு. கட்டுக்கு மேல் நுழையாத புதுச் செருப்பு கையில்.

"மொதல்ல இதைச் சொல்லுங்க" என்றார் ஜெரோம். "மாலேல ரோடு மணலா?"

அரங்கசாமி குனிந்துகொண்டார்.

"மணலுங்க. பஞ்சேதான்."

"மீனு?"

"அண்டாவுல தானா வந்து உழுகுதுங்க. ஆனா மூடி போட ஓராளுன்னு அண்ணன் சொன்னாரு பாருங்க, அது மட்டும் தப்பு. ரெண்டாளு வேணும்!"

பேக்கரி சிரிப்பில் அதிர்ந்தது. அரங்கசாமியின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"அப்பக் காலுல என்னங்க கட்டு?" ஜெரோம் விடுவதாயில்லை.

"அதையேங்க கேக்கறீங்க! மாப்பிள்ளைக்குப் படகு ஒத்துக்கலீன்னு பொண்ணும் அவரும் ஓட்டல்லயே இருந்துட்டாங்க. நான் மட்டுந்தான் மாலே போனேன். செருப்பு வேண்டாம்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. கேக்காமப் போட்டுட்டுப் போனனா, புதுச் செருப்பு கடிச்சுப்போடுச்சு."

எல்லோரும் அரங்கசாமியை மரியாதையாகப் பார்த்தார்கள். ஜெரோம் காசு கேட்காமல் ஒரு தேங்காய் பன்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அரங்கசாமிக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. இவன் எதற்கு எனக்காகப் பேசுகிறான் என்பதுதான் புரியவில்லை.

கூட்டம் கலைந்தது. மயில்சாமி எழுந்திருக்க அரங்கசாமி கைகொடுத்தபோதுதான் அந்தச் செருப்பின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது.

ஒரு பொட்டு அழுக்கில்லை. கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

அரங்கசாமி மிச்சப் பன்னைக் கீழே வைத்தார்.

"மயிலு... நீ செருப்பில்லாமயா..."

மயில்சாமி, ஜெரோம் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்:

"இனிமே கதை சொல்லறப்ப, செருப்புப் போட்டுட்டு நடந்ததாச் சொல்லுங்ணா. அங்க அத்தனையும் கல்லு ரோடுங்க, உச்சி வெயில்ல கொதிக்குது. என்னைய மாதிரி உங்களை நம்பறவன் வேற எவனாச்சும் போனா, பாவமுங்க."