முகாரியும் பொத்தானும்

தேவாலயத்தில் ஆராதனை முடிந்து சபை கலைந்ததும் பழைய ஆர்மோனியம் புதுக் கீபோர்டு மேல் பாய்ந்தது.

“ஏலே, நம்ம சபை ஐயர் ஜெபம் பண்ணும்போது பின்னால வயலின் சத்தத்தை எதுக்குலே இழைய விட்டே? ஒரு பொத்தானை அமுக்கிச் சனங்களை அழ வைக்கியே, வெட்கமா இல்ல? கண்ணீர் ஆண்டவரை நெனச்சுல்லா வரணும்!”

தரையில் விரித்திருந்த பாய் இன்னும் ஈரமாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆர்மோனியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீபோர்டு கோபப்படவில்லை. “அண்ணாச்சி, பெரிய வெள்ளிக்கு நீங்க கீர்த்தனை வாசிச்சா சபையே தேம்பித் தேம்பி அழுமாமே. அதுக்கு முகாரி ராகத்தை எதுக்கு எடுத்தீய?”

“கேக்கான் பாரு கேள்வி!” என்று ஆர்மோனியம் சீறியது. “வேற ராகத்துல வாசிச்சா எவம்லே அழுவான்?”